உறந்தையிலிருந்து கூடலுக்கு: ஒரு வழிநடைத் திட்டத்தின் வரலாறு

நெடுவழி செல்வோர் புறப்படுமுன் எழுப்பும் வினாக்கள் எக்காலத்தும் ஒன்றாகவே இருந்து வந்துள்ளன. எவ்வளவு தொலைவு? எந்தப் பருவம்? எந்த வழி? எங்கே தங்குவது? உடன் வருபவர் யார்? இன்று நம் நகரிலிருந்து ஐரோப்பா செல்லும் இளைஞர்கள், ஜெர்மனியில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அழகைக் கண்டவாறே ஆஸ்திரியாவைச் சுற்றி வர எண்ணும்போதும் இவ்வினாக்களுக்கே விடை தேடுகின்றனர். 1935இல் திறக்கப்பட்ட கிராஸ்குளோக்னர் மலைச்சாலை பனிக்காலத்தில் மூடப்பட்டுவிடும். பருவத்தை எண்ணாமல் வகுத்த திட்டம் அங்கே மலையடிவாரத்திலேயே முடிந்துபோகும்.

இரு நாடுகளைக் கடந்து செல்லும் நெடும்பயணம் ஒன்றிற்கு வழி வகுத்த செய்தி நம் தமிழிலும் உண்டு. அந்நாடுகள் சோழமும் பாண்டியமும். பயணம் காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்கி மதுரையில் முடிகிறது. அதன் நடுவிடமாக அமைந்தவை திருவரங்கமும் உறையூரும். தில்லை நகரில் வாழும் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் உறையூரிலிருந்துதான் அப்பயணத்தின் பிற்பாதி தொடங்கிற்று. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை, காடுகாண் காதை, புறஞ்சேரி இறுத்த காதை ஆகிய மூன்றையும் கவிதையாகக் கற்றுச் சுவைத்தோர் பலர். அவற்றை ஒரு வழிநடைத் திட்டத்தின் ஆவணமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழி கூறும் மரபு

வழி கூறுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தவர்கள் தமிழர்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி இவ்வகையைச் சேர்ந்தது. அவற்றுள் பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் வழிச்செலவின் இடர்களை மிக விரிவாகப் பேசுகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எப்பக்கம் வரும், வழுக்கும் பாறையை எவ்வாறு கடப்பது, இரவில் எங்கே தங்குவது என்பனவெல்லாம் அதில் உள்ளன. நடந்து பழகியவன் நடக்கப் போகிறவனுக்குச் சொல்லும் சொற்கள் அவை.

பெருவழிகள் என்று பெயர் பெற்ற நெடுஞ்சாலைகள் இருந்தமைக்குக் கல்லும் சான்று பகர்கிறது. கோயம்புத்தூரை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்தில் உள்ள பாறைக் கல்வெட்டு, இராசகேசரிப் பெருவழி என்ற பெயரை நமக்கு அறிவிக்கிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் காதக்கல் இன்னும் சுவையானது. இத்தனை காதம் என்று எழுத்தில் பொறித்ததோடு நில்லாமல், பத்துக்கு ஒரு பெருங்குழியும் ஒன்றுக்கு ஒரு சிறுகுழியுமாகக் கல்லில் குடைந்து வைத்திருக்கின்றனர். எழுத்தறியாத வண்டிக்காரனும் விரலால் தடவித் தொலைவை அறிந்துகொள்ளலாம்.

உரோமப் பேரரசிலும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட தொலைவை எண்களாகக் குறித்துக் காட்டும் பியூட்டிங்கர் நிலப்படத்தின் இடைக்காலப் படி, ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. அதில் நம் மேலைக் கடற்கரையின் முசிறியும் இடம் பெற்றிருப்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அப்படம் தொலைவைச் சொல்லும். நடப்பவரின் காலில் எது குத்தும் என்பதைச் சொல்லாது. அதனைச் சொல்லுவதில்தான் சிலம்பு தனித்து நிற்கிறது.

முப்பது காதம்

கோவலனும் கண்ணகியும் வைகறை இருளில், எவரிடமும் கூறாமல் புகாரை விட்டுப் புறப்படுகின்றனர். கையில் இருப்பது சிலம்பு. அதனை விற்று, அப்பொருளை முதலாகக் கொண்டு மதுரையில் வணிகம் செய்வது கோவலனின் எண்ணம். காவிரியின் வடகரை வழியாக மேற்கு நோக்கி ஒரு காதம் நடந்ததுமே கண்ணகி இளைத்துவிடுகிறாள். மூச்சு வாங்கியபடி, மதுரை என்னும் பழைய ஊர் எது என்று வினவுகிறாள். பயணத்தில் தொலைவைப் பற்றி எழும் முதல் கேள்வி அது.

உண்மைத் தொலைவு முப்பது காதம். கோவலன் அதனை முப்பது என்று கூறாமல், ஆறு, ஐந்து என்ற இரு சிறிய எண்களை இணைத்துக் கூறுகிறான். பெருக்கினால் முப்பது, செவியில் விழும்போது ஐந்தாறு காதம் போல ஒலிக்கும். நம் நாட்டுக்கு அப்பால்தான், தொலைவு அதிகமில்லை என்ற தொனியில் அவன் சிரித்துக்கொண்டு கூறியதாக இளங்கோவடிகள் காட்டுகிறார். மனைவியின் மனம் தளரக்கூடாது என்பதற்காகக் கணவன் கூறிய பரிவான மறைப்பு அது. பின்னர் வரும் துயரத்தை அறிந்த நாம் அச்சிரிப்பை எளிதில் மறக்க இயலாது.

காதம் என்பதன் அளவு இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் வேறுபட்டது. ஆயினும் காவியம் தரும் எண்ணை இன்றைய சாலைத் தொலைவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம், திருச்சிராப்பள்ளி வழியாக மதுரை ஏறத்தாழ 290 கிலோமீட்டர். முப்பதால் வகுத்தால் ஒரு காதத்திற்குப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. நாளொன்றுக்கு ஒரு காதத்திற்கு மேல் அவர்கள் நடக்கவில்லை என்றும், இடையில் பல நாள் தங்கினர் என்றும் காவியம் கூறுகிறது. அடிசிவக்க நடந்தறியாத பெண்ணொருத்திக்கு அது பொருத்தமான அளவே. இக்கணக்கின்படி, திருவரங்கத்தை அடைவதற்கே அரைத் திங்களுக்குக் குறையாமல் ஆகியிருக்க வேண்டும்.

புகாரிலிருந்து மதுரைக்குத் தென்மேற்காக நேரே செல்லலாமே, ஆற்றோடு உறையூர் வரை ஏன் செல்ல வேண்டும் என்ற ஐயம் இங்கு எழுவது இயல்பு. நடந்து செல்வோருக்குக் குறுக்குவழி எப்போதும் குறுகிய வழியாக இருப்பதில்லை. காவிரிக்கரையில் நீருக்குப் பஞ்சமில்லை, நிழலுண்டு, ஊருக்கு ஊர் அடுத்து வரும், பள்ளிகளிலும் சோலைகளிலும் தங்கலாம். வறண்ட நிலத்தைப் பயணத்தின் பிற்பகுதிக்கு ஒதுக்கி, இயன்றவரை ஆற்றின் துணையோடு செல்வதே அக்காலத்து அறிவு எனக் கருதலாம்.

கவுந்தியின் எச்சரிக்கை

வழித்துணையாக வந்து சேர்பவர் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி. மதுரையில் அறவுரை கேட்கும் விருப்பம் அவருக்கும் உண்டு. தாமும் வருவதாகக் கூறியபின் அவர் முதலில் கூறுவது வழியின் இடர்களைத்தான். மென்மையான பாதங்களை உடைய இப்பெண்ணால் இவ்வழியைத் தாங்க இயலுமா என்ற கவலை அச்சொற்களின் அடியில் ஓடுகிறது.

சோலை வழியே வெயிலுக்கு ஒதுங்கிச் செல்லலாம் என்றால், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பக மலர்கள் மூடிக் கிடக்கும், கால் தவறும். குழியைப் பார்த்துக் குனிந்து நடந்தால் தாழத் தொங்கும் பலாப்பழம் தலையில் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் விளைந்த தோட்டங்களில் பலாக்கொட்டைகள் பரற்கற்கள் போல உறுத்தும். வயல்வழி செல்லலாம் என்றால், பொய்கையில் நீர்நாய் கவ்விய வாளை மீன் குறுக்கே துள்ளிப் பாயும், கண்ணகி அஞ்சுவாள். கரும்பில் கட்டிய தேன் சிதைந்து குளத்து நீரில் கலந்திருக்கும். தாகத்தில் அறியாது பருகிவிடுவாள். வரப்பில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். அறியாமல் உயிர்க்கொலை நேரும்.

இப்பகுதியை மருத நில வருணனையாக மட்டும் கொள்வோர் உண்டு. ஒரு துறவி தம் நோன்புக்கேற்பத் தொகுத்த எச்சரிக்கைப் பட்டியலாகவும் அது விளங்குகிறது. அதில் கள்வர் இல்லை, புலி இல்லை. செழிப்பே இடராக வந்து நிற்கிறது. காவிரி நாட்டின் வளத்தைப் புகழ இதைக் காட்டிலும் நயமான வழி இல்லை. உடன் வருபவரை எண்ணி வழியை ஆராய்வதற்கும் இதைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

கொடும்பைக் குளக்கரையில் மூன்று வழி

மூவரும் அரங்கத்துச் சோலையில் தங்கி, ஓடத்தில் காவிரியைக் கடந்து தென்கரை சேர்ந்து, உறையூர் புகுகின்றனர். புகார்க் காண்டம் அங்கே நிறைவுறுகிறது. மறுநாள் வைகறையில் உறையூரை நீங்கித் தெற்கே செல்லும்போது, ஒரு சோலை மண்டபத்தில் மாங்காட்டைச் சேர்ந்த மறையவர் ஒருவரைச் சந்திக்கின்றனர். குடமலைப் பகுதியிலிருந்து திருவரங்கத்தையும் திருவேங்கடத்தையும் தரிசிக்க வந்தவர் அவர். பாண்டிய நாட்டைக் கடந்து வந்தவராதலால் வழியறிந்தவர். மதுரைக்கு நல்ல வழி எது என்று கோவலன் அவரிடம் கேட்கிறான்.

அவர் முதலில் பேசுவது பருவத்தைப் பற்றி. முதுவேனிலில் முல்லை நிலமும் குறிஞ்சி நிலமும் வளம் இழந்து பாலையாகத் திரிந்திருக்கும். இக்காலத்தில் இப்பெண்ணுடன் புறப்பட்டிருக்கிறீர்களே என வருந்துகிறார். மதுரை எரியுண்டது ஆடி மாதத் தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை எனக் காவியம் பின்னர் கூறுகிறது. ஆகவே பயணம் கோடையில் நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை.

அடுத்து வழிகள். கொடும்பை நெடுங்குளத்தின் கரையை அடைந்ததும், சிவபெருமான் ஏந்திய சூலம் போல வழி மூன்றாகப் பிரியும் என்கிறார். வலப்பக்க வழி, மரங்கள் வாடி நீரற்ற காட்டையும் எயினர் குடியிருப்பையும் கடந்து, பின்னர் தினையும் வரகும் வாழையும் மாவும் பலாவும் செறிந்த நிலத்தில் செல்லும். அங்கே சிறுமலை தோன்றும். அம்மலையை வலமாகக் கொண்டு மதுரையை அடையலாம். இடப்பக்க வழி, வயல்களையும் சோலைகளையும் அருஞ்சுரங்களையும் கடந்து திருமால்குன்றத்தை, அதாவது அழகர்மலையை அடையும். அங்கே மூன்று பொய்கைகள். ஒன்றில் மூழ்கினால் ஐந்திர இலக்கண நூலை அறியலாம்; மற்றொன்றில் பழம்பிறப்பை உணரலாம்; மூன்றாவதில் வேண்டியதைப் பெறலாம். மலைக்குகையில் வரோத்தமை என்னும் தெய்வமகள் தோன்றி வினாக்கள் எழுப்புவாள். விடை கூறினால் வாயில் திறக்கும். நடுவழி, ஊர்கள் இடையிட்ட காட்டு வழி. அதில் ஒரு கானுறை தெய்வம் தீங்கு செய்யாமலே வழிப்போக்கரை மயக்கித் தடுக்கும். அதனைக் கடந்தால் மதுரைப் பெருவழி வந்துவிடும்.

ஒவ்வொரு வழியின் காட்சி, இடர், பயன் மூன்றையும் அவர் பிரித்துரைப்பது நோக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டில் ரைன் நதிக்கரைப் பயணிகளுக்கென்று கையேடு வெளியிட்டுப் புகழ் பெற்ற கோப்லென்ஸ் நகரத்துக் கார்ல் பேடெக்கர், சிறந்த காட்சிகளுக்கு விண்மீன் குறியிட்டார். மாங்காட்டு மறையவர் கையேடு எழுதியிருந்தால் அழகர்மலைக்கு இரண்டு விண்மீன் இட்டிருப்பார்!

தேர்ந்த வழி

மறையவர் இடவழியைப் பரிந்துரைப்பது தெளிவு. கவுந்தியடிகள் அதனைப் பணிவோடு மறுக்கிறார். இலக்கண அறிவுக்கும் பிறப்புணர்வுக்கும் எங்கள் அருகன் அருளிய நூல்களும் அறநெறியும் போதும். நீர் உம் தெய்வத்தைத் தொழச் செல்லும், நாங்கள் எங்கள் வழியில் செல்கிறோம் என்பது அவர் விடையின் சாரம். இதனைச் சமயப் பிணக்காகப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. இருவரும் மனக்கசப்பின்றியே பிரிகின்றனர். ஒருவருக்குப் பெரும்பேறாகத் தோன்றும் காட்சி மற்றவர் பயணத்திற்குத் தேவையற்றதாக இருக்கலாம். தம் நோக்கத்தை அறிந்தவர் வழிகூறியவருக்கு நன்றி செலுத்திவிட்டுத் தமக்குரிய வழியைத் தேர்கிறார்.

அவர்கள் நடுவழியில் சென்றனர். மறையவர் எச்சரித்தவாறே, நீர் தேடிப் பொய்கைக்குச் சென்ற கோவலன்முன் கானுறை தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் வடிவில் தோன்றி அழுதது. முன்னறிந்திருந்தமையால் கோவலன் கொற்றவையின் மந்திரத்தை உருவேற்ற, அது உண்மை கூறி அகன்றது. அவன் தாமரை இலையில் நீர் ஏந்தி வந்து கண்ணகியின் தாகத்தைத் தணித்தான். வழிச்செய்தி பயன்பட்ட இடம் இது.

பாண்டிய நாட்டுக்குள் சென்றபின் திட்டம் மேலும் திருத்தம் பெறுகிறது. பகல் வெயிலைக் கண்ணகி தாங்காள். பாண்டியன் காக்கும் நாட்டில் விலங்குகளும் தீங்கு செய்யா எனப் புகழ் உண்டு. ஆதலால் இரவில் நிலவொளியில் நடப்போம் என்று கோவலன் கூற, மூவரும் நிலவு எழும்வரை காத்திருந்து நடக்கின்றனர். எதிர்ப்பட்ட பாணரிடம் மதுரைக்கு இன்னும் எத்தனை காதம் எனக் கேட்டபோது, அவர்கள் எண்ணால் விடை கூறவில்லை. நகரின் அகிலும் சந்தனமும் மலரும் மணக்கும் தென்றல் இதோ வீசுகிறது, ஆகவே ஊர் தொலைவில் இல்லை என்றனர். முப்பது காதம் என்ற எண்ணில் தொடங்கிய பயணம், காற்றின் மணத்தில் முடிவை உணர்கிறது.

நிலமும் காவியமும்

காவியத்தை வரலாற்றுச் சான்றாக எவ்வளவு தூரம் கொள்ளலாம்? சிலப்பதிகாரத்தின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்போரும், 5ஆம் நூற்றாண்டும் அதற்குப் பின்னும் என்போரும் உளர். உ.வே. சாமிநாதையர் 1892இல் அடியார்க்கு நல்லார் உரையோடு இந்நூலைப் பதிப்பித்த பின்னரே இவ்வாராய்ச்சிகள் பெருகின.

காலம் எதுவாயினும் நிலம் பொய்க்கவில்லை. உறையூரின் தொன்மையை 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வு நிறுவியது. கொடும்பை என்பது திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலைக்கு அருகில் உள்ள கொடும்பாளூர் என்பது பலரும் ஏற்ற முடிவு. பிற்காலத்தில் இருக்குவேளிரின் தலைமையிடமாகவும், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவின் ஊராகவும் அது விளங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலில் இரண்டு விமானங்கள் இன்றும் நிற்கின்றன. சோழ பாண்டிய எல்லையென மரபு கூறும் தென்வெள்ளாறும் அவ்வட்டாரத்தில்தான் ஓடுகிறது. வழிகள் பிரியுமிடத்தில் வணிகர் ஊர் அமைவது இயற்கையே.

இன்றும் திருச்சியிலிருந்து மதுரைக்கு மூன்று வழிகள் உள்ளன. மணப்பாறை, திண்டுக்கல் வழியாகச் சிறுமலையை ஒட்டிச் செல்வது ஒன்று. 1870களில் அமைந்த இருப்புப்பாதையும் அப்பக்கமே சென்றது. துவரங்குறிச்சி, மேலூர் வழியாக அழகர்மலைக்குக் கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை மற்றொன்று. நத்தம் வழியாக இரு மலைகளுக்கும் இடையே செல்வது மூன்றாவது. இவற்றைக் காவியத்தின் மூன்று வழிகளோடு அடிக்கு அடி பொருத்திக் காட்டுவது மிகையாகும். சிறுமலையும் அழகர்மலையும் இடம் மாறாத வரையில், தெற்கே செல்வோர் ஒன்றன் பக்கமாகவோ இடையிலோதான் சென்றாக வேண்டும் என்ற உண்மை மட்டும் இரண்டு காலத்துக்கும் பொது. பொய்கைகளும் தெய்வமகளும் கற்பனை என்று ஒதுக்குவோரும், வழி பிரியும் குளக்கரையையும் மலைகளின் திசையையும் ஒதுக்க இயலாது.

வழியும் முடிவும்

இத்துணை கவனமாக வகுக்கப்பட்ட பயணம் தமிழ்க் காவியங்களில் அரிது. தொலைவு கணிக்கப்பட்டது; பருவம் எண்ணப்பட்டது; துணை கிடைத்தது; வழிகள் ஒப்பிடப்பட்டன; மயக்கும் தெய்வமும் முன்னறிவால் வெல்லப்பட்டது. குழியிலோ காட்டிலோ ஒருவருக்கும் ஊறு நேரவில்லை. வையையை மரப்புணையில் கடந்து, புறஞ்சேரியில் மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தது வரை கவுந்தியின் கடமை குறைவின்றி நிறைவேறிற்று.

கேடு ஊருக்குள் காத்திருந்தது. நடக்க வேண்டிய முப்பது காதத்தையும் ஆராய்ந்தவர்களுக்கு, கடைத்தெருவில் எதிர்ப்படப் போகும் ஒரு பொற்கொல்லனைப் பற்றிக் கூற எந்த வழிகாட்டியும் இல்லை. எந்த நாட்டின் காவலை நம்பி இரவில் நடந்தார்களோ, அந்நாட்டின் மன்றம்தான் ஆராயாமல் தீர்ப்பளித்தது. விலங்கும் தீங்கு செய்யாத நாடு என்று கோவலன் வழியில் கூறிய புகழ்ச்சி, அவன் குருதி சிந்தியபோது பாண்டியன்மீது சாட்டப்பட்ட குற்றமாக மாறிற்று. வழிக்காதைகளை விரைந்து கடந்து கொலைக்களக் காதைக்குச் செல்வோர் இந்த இணைப்பைத் தவறவிடுகின்றனர். செய்தி கேட்ட கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார். சண்பகம் மூடிய குழியைக் கூட முன்னறிந்து கூறிய அவருக்கு அத்துயரம் எத்தகையதாக இருந்திருக்கும்!

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தினருக்கு ஒரு விண்ணப்பம். திருவரங்கத்தில் காவிரியைக் கண்டு, உறையூர் வழியாகக் கொடும்பாளூர் வரை ஒரு நாள் செல்வோம். மூவர் கோயிலின் முன்றிலில் அமர்ந்து காடுகாண் காதையை வாய்விட்டுப் படிப்போம். நாற்பது கிலோமீட்டர் பயணம்தான்; காரில் ஒரு மணி நேரம். கண்ணகிக்கு அது நான்கு நாள் நடை. அந்நான்கு நாளையும் நினைவிற் கொண்டு படிப்போமானால், காவியம் நம் ஊர்ப் புழுதியிலிருந்து எழுந்தது என்பது தானே விளங்கும்.